செல்லத்துரை தம்பி கேட்டுட்டு வரச் சொன்ன கேள்வி

தலவாக்கலை பஸார்ல ஃபேன்சி கடை வச்சிருந்த நம்ம செல்லத்துரை தம்பி போயிட்டாரு...

நேத்து காலையில நெஞ்சுல ஏதோ செய்யிதுன்னு சொல்லி உக்காந்தவரு, அப்புறம் எழும்பலயாம்.

அது தெரியாம நான் நேத்து அவரப் பாக்கத்தான் பஸ் ஏறப் போனேன். வட்டகொடை சந்தியில நின்னு அவருக்கு ஒரு போன் கோல் எடுத்தேன். ரிங் போச்சி, எடுக்கல. கடையில கூட்டம் போலன்னு நினைச்சிக்கிட்டு ஏறிட்டேன்.

போய்ப் பாத்தா கடை பூட்டிக் கெடக்கு. வாசல்ல வெள்ளைக் கொடி. பக்கத்து மருந்துக்கடை பொம்பளதான் வெளிய வந்து சொன்னாங்க. "கொடி யாருக்குங்க?"ன்னு ரெண்டாம் தடவயும் கேட்டேன். காதுல விழுந்தும் விழாத மாதிரி...

என்னை விட எவ்வளவோ சின்னவரு.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு நான் சொல்ல வேணாம். கல்யாணமோ, சடங்கோ, வெளிநாடு போறவங்களோ, யாருக்கு என்ன குடுக்கிறதுன்னு தெரியலன்னா அவர் கடைக்குத்தான் போவோம். போனா "அவங்களுக்கு என்னக்கா புடிக்கும்"னு கேக்க மாட்டாரு. "அவங்க எதுக்குப் பயப்படுவாங்க"ன்னுதான் கேப்பாரு.

மொத தடவ எனக்குக் கோவமே வந்துச்சி. "தம்பி, நான் பிரசன்ட் வாங்க வந்தேனா, பேய் ஓட்ட வந்தேனா?"ன்னேன். "ரெண்டும் ஒரே செலவுல முடிஞ்சா லாபந்தானே அக்கா"ன்னாரு.

எங்க பக்கத்து காம்பிரா வீட்டு பாக்கியத்துக்குச் சேலை வாங்கப் போன அவ மகன், டோர்ச் லைட்டோட திரும்பி வந்தான். பாக்கியம் அன்னைக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கிட்டா. இப்ப அந்த டோர்ச்ச யாராவது கேட்டுப் பாருங்க, குடுக்கிறாளான்னு.

எங்க தோட்டத்து லயத்துல மொத மொதல்ல யுனிவர்சிட்டி கெம்பஸ் போனது என் பேத்தி தர்சினி. (எத்தன தடவ சொன்னாலும் பொறுத்துக்கங்க, சொல்லாம இருக்க முடியல.) அவ அம்மா குவைத்ல. வளத்தது நான்.

ஹொஸ்டலுக்குக் கொண்டு போக நல்ல சூட்கேஸா எடுங்கன்னு போய் நின்னேன். "புள்ளைக்கு என்ன பயம்?" "வாயத் தொறந்தா நம்ம தோட்டத்துப் பேச்சுக்கு மத்த புள்ளைங்க சிரிக்குமோன்னு பயம் தம்பி."

எடுத்துக் குடுத்தது கரண்ட் கேத்தலும் ஆறு கப்பும். "தேத்தண்ணி கொதிக்கிற ரூம்ல புள்ளைங்க தானா வந்து உக்காரும் அக்கா. இது பேச வேண்டியதில்ல, ஊத்துனா போதும்." "வார்டன் கண்டா?" "ஆறாவது கப் வார்டனுக்குத்தான்."

இன்னைக்கும் தர்சினியோட உயிர் சினேகிதிங்க நாலு பேரும் அந்தக் கேத்தல்ல வந்தவங்கதான்.

தம்பிக்கும் சில நேரம் கணக்குத் தப்பும். எங்க கொழுந்தனார் கங்காணியா இருந்து பென்சன் போனப்ப, அன்னைக்குக் கடையில நெரிசல், கேள்வி கேக்காம பெரிய சுவர் மணிக்கூட்ட கட்டிக் குடுத்துட்டாரு. கொழுந்தனார் சபையில வச்சே, "காலையில பெரட்டுக்கு ஆள் கூட்டுற வேலையே இல்லாதவனுக்கு மணிக்கூடு எதுக்குடா"ன்னு கேட்டுட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. கொழுந்தனார் மட்டும் சிரிக்கல.

கேள்விப்பட்டு செல்லத்துரை தம்பி அடுத்த கிழமையே மலை ஏறி வந்தாரு. மணிக்கூட்ட கழட்டிக்கிட்டு ஒரு பூவாளியும் லீக்ஸ் கன்னும் வச்சிட்டுப் போனாரு. "காலையில எழும்புனா எங்க போறதுன்னு பயம் அண்ணனுக்கு. நாந்தான் கேக்காம விட்டுட்டேன்"னாரு. இப்ப கொழுந்தனார் விடியிறப்பவே பாத்தியில நிக்கிறாரு.

இப்ப தர்சினி மேல்படிப்புக்கு லண்டன் போறா. வார திங்கக்கிழமை பிளைட்.

போன கிழமை கடைக்குப் போனேன். "எம் பேத்திக்கு எதுக்கும் பயமில்ல தம்பி"ன்னு பெருமையா சொன்னேன். அவரு விடல. "அது நீங்க சொல்றது. அதுக்கிட்ட கேட்டுட்டு வாங்க."

முந்தாநாள் சாயந்தரம் உடுப்பு அடுக்கிக்கிட்டிருந்தவக்கிட்ட கேட்டேன். "ஏன்டி, ஒனக்கு எதுக்குப் பயம்?"

"குளிருக்கு."

"நுவரெலியாவுல பொறந்தவளுக்குக் குளிரா? பொய் சொல்லாத."

கையில இருந்த சட்டைய மறுபடியும் பிரிச்சி மடிச்சா. அப்புறம் குனிஞ்சபடியே சொன்னா. "அங்கயிருந்து கோல் எடுப்பேன்ல அம்மாச்சி... நீங்க எடுக்கிற வரைக்கும் ரிங் போகும்ல. அதுக்கு."

அம்மா வெளிநாட்டுல இருக்கப்ப அவளுக்குப் பயமில்ல, நான் வீட்டுல இருந்தேன். இப்ப அவ போறா. நான் எடுக்காத நாள் ஒண்ணு வந்துருமோன்னு...

"உடுப்ப ஒழுங்கா மடிடி"ன்னு வெளிய வந்துட்டேன். இந்தப் பயத்துக்கும் அவரு கடையில ஒரு பொருள் இருக்கும்னு நம்பித்தான் நேத்து போனேன்.

அந்தப் பூட்டுன கடைக்கு முன்னுக்கு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. பேக்குக்குள்ள போன் அடிச்சது எனக்குக் கேக்கவே இல்ல. வீட்டுக்கு வந்து பாத்தா, தர்சினி வாசப்படியில உக்காந்திருக்கா. மூஞ்சியில ரத்தமே இல்ல. கையில போன், இன்னும் எனக்குத்தான் ரிங் போய்க்கிட்டிருக்கு...

என் பேக்குக்குள்ள இருந்து சத்தம் கேட்டதும் அப்படியே என்னைக் கட்டிப் புடிச்சிக்கிட்டா.

தம்பிய நாளைக்கு எடுக்கிறாங்களாம். செத்த வீட்டுக்கு என்ன கொண்டு போறதுன்னு ஒரு தடவ அவர்கிட்டயே கேட்டிருக்கேன். "சீனியும் தேயிலையும் கொண்டு போங்க அக்கா. அழுதவங்களுக்குத் தொண்ட காயும்"னாரு. அதத்தான் கட்டி வச்சிருக்கேன்.

தம்பி, நீங்க கேக்கச் சொன்னீங்க, கேட்டுட்டேன். சொல்லத்தான் வந்தேன்.

நல்லபடியா போங்க சாமி. உங்க நம்பர அழிக்கல.