இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவள்

அலுவலகத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். வீட்டைப் பூட்டினால் ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். படியிறங்கிப் போய், திரும்ப ஏறி வந்து இன்னொருமுறை இழுப்பாள். கணவன் பிந்திக் கிளம்பும் நாட்களில், "பூட்டியாச்சு. ரெண்டு தடவை இழுத்தாச்சு. சாட்சி, எதிர் வீட்டு நாய்" என்று செய்தி அனுப்புவான். அதைப் படித்த பிறகுதான் அவளுக்கு வேலை ஓடும்.

அன்று செய்தி வந்தும் ஓடவில்லை.

ஆம்புலன்ஸ்களை அனுப்பும் அறைக்கு நிரல் எழுதித் தருவது அவளுடைய அலுவலகம்தான். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்ற பட்டியல் கணினியின் வட்டில் உள்ள கோப்பிலிருந்து வர மூன்று நொடி பிடித்தது. கோப்பே இல்லாமல், தரவுதளத்தைக் கணினியின் நினைவகத்திலேயே திறந்துகொண்டால் கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். அப்படித் திறக்கும்படி நிரலை மாற்றி எழுதியவர், வேலைக்குப் புதியவர். வயது ஐம்பத்திரண்டு. பழைய கம்பெனி மூடியதால் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு வந்தவர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவருடைய மாற்றத்தைச் சேர்த்ததும், தரவுதளத்தைத் திறக்கும் இடத்திலேயே நிரல் செத்து விழுந்தது.

"நாலு மணிவரைக்கும் பாக்கறேன். அப்புறம் அவர் எழுதினதையும் தூக்கிடுவேன், அவரையும் தூக்கிடுவேன்" என்று காலையில் மேலாளர் அவளிடம் சொன்னபோது, புதியவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

மணி மூன்றரை. அவருடைய வரிகளை அவள் ஐந்தாம் முறையாகப் படித்து முடித்தாள். தப்பு இல்லை.

"வட்டுல வச்சுத் திறங்க, சார்."

திறந்தது.

"இப்ப நினைவகத்துல."

விழுந்தது.

"நான் கைய வச்ச நேரம் அப்படி, மேடம்" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

அவள் ஒவ்வொரு படிக்கும் பிறகு ஓர் எண்ணை அச்சிடச் சொல்லி ஓடவிட்டாள். திரையில் ஒன்று வந்தது. இரண்டு வந்தது. மூன்று வரவில்லை.

இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருந்தது ஒரே வரி, வேறொரு நிரல்துண்டை அழைக்கும் வரி. அது ஏழாண்டுகளுக்கு முந்தைய பழைய துண்டு. அதன் தலையில் ஒரு வரி: "சரிபார்த்தது. யாரும் தொடாதீர்கள்." யாரும் தொட்டதில்லை. தேடும்போதும் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். காலையிலிருந்து அவளும் தாண்டிக்கொண்டிருந்தாள். எழுதியதே அவள்தானே.

உள்ளே போனாள். தரவுதளத்தைத் திறக்குமுன், அதன் கோப்பை வேறு யாராவது பூட்டி வைத்திருக்கிறார்களா என்று இழுத்துப் பார்க்கும் துண்டு அது. ஒருமுறைக்கு இரண்டுமுறை. நினைவகத்தில் கோப்பு ஏது? இல்லாத கதவை இழுக்கப்போய் நிரல் குப்புற விழுந்திருந்தது.

அவளுக்குக் காது சுட்டது.

"நீங்க இதைப் பாக்கலையா, சார்?"

"சேர்ந்த அன்னைக்கே கேட்டேன், மேடம். அது சரியாத்தான் இருக்கு, விடுங்கன்னீங்க."

சொல்லியிருந்தாள். கோப்பு இல்லையென்றால் இழுக்காதே என்று ஒரு வரி சேர்த்தாள். ஓடவிட்டாள். மூன்று வந்தது. நான்கும் வந்தது. புதியவர் மூச்சை விட்டது அவளுக்குக் கேட்டது.

மணி நான்காக ஐந்து நிமிடம் இருக்கும்போதே மேலாளர் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

"ஓடுதே! அவர் என்ன சொதப்பி வச்சிருந்தார்?"

ஆமாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும், காரியம் முடிந்துவிடும். ஏழாண்டுப் பேர் அப்படியே நிற்கும்.

"அவர் ஒண்ணும் பண்ணலை. தப்பு என்னோடது."

"உங்களோடதா? பூட்டக்காவோடதா?"

"ஏழு வருஷமா என்னோடது. யாரும் பாக்கக் கூடாதுன்னு எழுதி வேற வச்சிருந்தேன்."

மேலாளர் புதியவரைப் பார்த்தார். "சரி, அவர் எழுதினதையே அனுப்புங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் நாற்காலியைத் தள்ளி விசைப்பலகையைப் புதியவர் பக்கம் திருப்பினாள்.

"அந்த 'தொடாதீர்கள்' வரிய எடுத்துடுங்க, சார்."

"நானா?"

"நான் எடுத்தா, எடுத்தேனான்னு திரும்பத் திரும்பப் பாத்துட்டிருப்பேன்."

அவர் ஒரு விரலால் அழித்தார். எழுத்து எழுத்தாக.