கடைசிப் படகும் கடைசிக் கணக்கும்

போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு பஸ்ஸை நிறுத்தி வைத்தேன். நான்தான்... கடையில் மிச்சக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவன்!

என் மகள் மதுரா உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். யாழ்ப்பாண ரவுணில் ரியூசன் வகுப்பு. அது முடியும் நேரமும் எங்கள் ஊர் வேலணை வழியாகக் குறிகாட்டுவான் போகும் கடைசி பஸ் புறப்படும் நேரமும் ஒன்று. ஒவ்வொரு சனியும் கடைசிக் கணக்கை விட்டுவிட்டு ஓடி வருவாள். பரீட்சையில் வருவது அந்த மாதிரிக் கணக்குத்தானாம்.

அன்று அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன்; கணக்கை முடித்துவிட்டே வா என்று சொல்லியிருந்தேன். ட்ரைவரிடம் மெல்லப் போய் நின்றேன்.

"தம்பி, பிள்ளை வந்துகொண்டிருக்குது... கொஞ்சம் நிக்கேலுமோ?"

"அண்ணை, உங்களுக்கு வாய் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்! நிப்பம்."

பின்னால் ஒரு அக்கா விடவில்லை. "நிக்கட்டும், நிக்கட்டும். இஞ்சினியரா வந்து இந்த பஸ்ஸுக்குப் புதுச் சீற் போட்டுத் தருவாள்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கால் மணித்தியாலம் கழித்து மதுரா வந்து ஏறினாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். முழுக் கணக்கையும் எழுதிவிட்டாளே!

பக்கத்துச் சீற்றில் சிந்து. அதே வகுப்பு, நயினாதீவுப் பிள்ளை. வழக்கம்போல் வகுப்பிலிருந்து முன்னதாகவே எழும்பி வந்திருந்தாள். பஸ் அவளைக் குறிகாட்டுவான் துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து தீவுக்குக் கடைசிப் படகு.

பாதி வழியில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"இண்டைக்கு போட் போயிருக்கும்."

"ஏன்டி அப்பவே சொல்லேல்லை?"

"உன்ர அப்பா கேட்டு பஸ் நிண்டது. பஸ்ஸை எடுங்கோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் பிள்ளைக்காகப் பஸ் நின்றது. அவளுக்காகப் படகு நிற்குமா?

சிந்துவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். தாய்க்குப் போன் எடுத்தேன்.

"உங்கட வீட்டில நிக்கிறது பயமில்லை அண்ணை. ஆனா இனி அந்த வகுப்புக்கு விடேலாது. ஒவ்வொரு சனியும் துறையில நிண்டு கடலைப் பாத்துக்கொண்டிருக்க என்னால ஏலாது."

சிந்து மதுராவின் கொப்பியை வாங்கி, அந்தக் கணக்கைப் பார்த்து எழுதத் தொடங்கினாள்... இனிப் போகாத வகுப்பின் கணக்கை!

யோசித்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் போக யாழ்ப்பாண மாவட்டம் முழுவதற்கும் ஒரே வெட்டுப்புள்ளி; அதற்குக் குறைந்தால் இடமில்லை. வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருக்கிற பிள்ளைக்கும் அதுதான், கடல் தாண்டுகிற பிள்ளைக்கும் அதுதான். சமநீதியாம்! இந்தக் கணக்கில் கடலை எந்தப் பக்கம் எழுதுகிறார்கள்? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எனக்கு விளங்கவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் ரவுணுக்குப் போனேன். வகுப்பு வாசலில் ஆசிரியரை மறித்துக் கேட்டேன்.

"சேர், சனிக்கிழமை வகுப்பை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தொடங்கேலுமோ?"

"உங்கட மகளுக்கோ?"

"அவளுக்கும்தான் சேர். ஆனா நான் வந்தது நயினாதீவுப் பிள்ளைக்காக."

"ரவுண் பிள்ளையளையும் கேக்கவேணும். யோசிச்சுச் சொல்லுறன்."

நல்ல மனிதர். இன்னும் யோசிக்கிறார். அடுத்த சனி வருகிறது. சிந்துவின் தாயிடம் என்ன சொல்வது?

படகு யோசிப்பதில்லையே!