பானட்டை மூடிவிட்டுக் கேட்டவள்

என் தங்கச்சியைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஆளாளுக்கு ஒரு வேலை நினைவுக்கு வந்துவிடும். வெல்டர் வெளியே போய்விடுவான். எலெக்ட்ரீஷியன் அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வான். கேட்டுக் கேட்டு அவர்களுக்குப் புளித்துவிட்டது. உங்களுக்கு இன்னும் புளிக்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

நான் டிங்கர். அடிபட்ட கார்களின் நெளிவை எடுத்து, பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடிக்கிறவன். அவள் எஞ்சின் மெக்கானிக். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வலது பக்கம் நான், இடது பக்கம் அவள், நடுவில் கண்ணாடி அறைக்குள் முதலாளி. என்னைவிட ஆறு வயது சின்னவள், உயரமும் குறைவு. பெரிய வண்டி வந்தால் ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்து, அதன்மேல் ஏறி நின்றுதான் எஞ்சினுக்குள் குனிவாள். அவளுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘பொறுங்க’. எவ்வளவு பெரிய அவசரக்காரர் வந்து குதித்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அதுதான்.

அவள் இந்தத் தொழிலுக்கு வந்த வழியே வேறு. மற்றவர்கள் ஸ்பானரைப் பிடித்து வந்தார்கள். இவள் ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து வந்தாள். எட்டு வருஷம் ஒரு சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருந்துகொண்டு, மெக்கானிக்குகள் கேட்டதை எடுத்துக் கொடுத்தாள். “இதுதான் கோளாறு” என்று அடித்துச் சொல்லி வாங்கிப்போன பாகம், மறுநாள் “இது இல்லையாம்” என்று எண்ணெய்க் கறையோடு திரும்பி வரும். எந்தக் கோளாறுக்கு எதை வாங்கி எது வீணாகத் திரும்பியது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஊரிலிருக்கிற அத்தனை மெக்கானிக்குகளின் தப்பான யூகங்களும் அவள் தலைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒருநாள் நேராக எங்கள் முதலாளியின் கண்ணாடி அறைக்குள் வந்து, “என்னை எஞ்சின் பக்கம் விடுங்க” என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன்? அது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

போன மாதம் எங்கள் ஹெட் மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அந்த இடம் இவளுக்கு வர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதலாளிக்கு இருந்தது. அவர் கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் பத்துப் பேரிடம் கேட்காமல் முடிவெடுக்க மாட்டார். “வேலை தெரியும், அதுல சந்தேகமில்ல. ஆனா கஸ்டமர் வந்து ஹெட் யாருன்னு கேட்டா...” என்று இழுத்தார். வெளியே ஒரு மெக்கானிக்கிடம் பேசியும் வைத்துவிட்டார்.

அப்போதுதான் நர்ஸம்மாவின் கார் மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றி ஊசி போடுகிறவர் அந்த அம்மா. இருபத்திரண்டு வருஷத்து வெள்ளைக் கார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானாக உறுமும், அடங்கும், மறுபடி உறுமும். சில சமயம் ஒரேயடியாக அடங்கி நின்றுவிடும். முதல் தடவை வந்தபோது எங்கள் ஆட்கள் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். இரண்டாவது தடவை காற்று போகிற வழியையெல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து, வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓட்டத்தைச் சீராக வைக்கிற ஐட்லிங் வால்வையும் மாற்றினார்கள். இரண்டு தடவையும் இங்கே ஓடவிட்டுப் பார்த்தால் எஞ்சின் வேகத்தைக் காட்டுகிற ஆர்.பி.எம். முள் ஆணி அடித்த மாதிரி நின்றது.

“இங்க வந்தா நல்லா இருக்கு. வெளிய போனா ஆடுது. நான் என்ன பொய்யா சொல்றேன்?” என்று நர்ஸம்மா கேட்டார். நாள் முழுக்க அடுத்தவர் வலியைப் பார்த்துவிட்டு வருகிறவர், குரலில் களைப்பு இருந்தது.

“வண்டிக்கு எங்களப் பாத்தா பயம் போலம்மா” என்றான் எலெக்ட்ரீஷியன். யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி என் தங்கச்சியைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். கதவு திறந்துதான் இருந்தது, எனக்கும் கேட்டது. “இந்த வண்டிய நீ பாரு. இதுவும் திரும்பி வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கிழமை நான் பேசி வச்சிருக்கிறவரை ஹெட்டா வரச் சொல்லிடுவேன்.”

ஒன்பது வருஷத்து வேலை ஒரு கிழட்டுக் காரின் ஐட்லிங்கில் வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த தேய்ப்புத்தாளைக் கசக்கி எறிந்தேன். பிறகு நானே பொறுக்கிக்கொண்டேன்.

அவள் வந்தாள். எங்கள் ஆட்களில் ஒருவன் வழக்கம்போல பானட்டைத் தூக்கப் போனான்.

“பொறுங்க” என்றாள்.

நர்ஸம்மாவிடம் திரும்பி, “வெளிய ஆடுறப்ப என்ன பண்ணிட்டு இருப்பீங்க, அப்படியே பண்ணுங்க” என்றாள். அவர் ஓட்டுநர் சீட்டில் உட்கார, இவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் ஓடியது. கால்மணி நேரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி கண்ணாடி அறைக்குள் எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எனக்கே பொறுக்கவில்லை, போய் ஜன்னலருகே நின்றேன்.

எஞ்சின் சூடானதும் முள் ஆடத் தொடங்கியது. எண்ணூறிலிருந்து ஆயிரத்து முந்நூறுக்கு ஏறியது, அறுநூறுக்கு விழுந்தது, திரும்பவும் ஏறியது. எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குள் அந்த முள் ஆடியது அதுதான் முதல் தடவை.

“அதோ! அதோ!” என்றார் நர்ஸம்மா. காணாமல்போன நகை கிடைத்த மாதிரி அவருக்குச் சந்தோஷம்.

எங்கள் ஆள் ஓடிவந்து பானட்டைத் திறந்தான். முள் நின்றுவிட்டது.

என் தங்கச்சி அசையவில்லை. “மூடுங்க” என்றாள். மூடினான். கொஞ்ச நேரத்தில் ஆடியது. “திறங்க.” நின்றது. இதை நான்கு தடவை செய்ய வைத்தாள். மூடித் திறந்தவன் முகத்தில் ஈயாடவில்லை, முதல் இரண்டு தடவையும் அந்த வண்டியைப் பார்த்தவன் அவன்தான்.

காரைக் கண்டால் பானட்டைத் திறக்க மெக்கானிக்கின் கை பரபரக்கும். முப்பது வருஷம் இந்தக் கூரைக்குக் கீழே நான் பார்த்தது அது. திறந்துவிட்டுத்தான் காது கொடுப்பார்கள். இந்தக் கோளாறோ திறந்த நொடியில் ஒளிந்துகொள்கிறது. மூடிவைத்துக் கேட்க வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இறங்கி வந்தவள் என்னிடம் கேட்டாள். “அண்ணா, கொஞ்சம் பட்டி குடு. ஹார்டனர் கலக்காத.”

ஹார்டனர் கலக்காத பட்டி இறுகாது, மாவு மாதிரியே இருக்கும். ஒரு கைப்பிடி கொடுத்தேன். அதைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, எஞ்சினுக்குள் உயரமாக இருக்கிற ஏழு இடங்களில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் பானட்டில் ஒட்டாதபடி பிளாஸ்டிக் பை துண்டு ஒன்றைப் போட்டாள். பானட்டை மெதுவாக மூடித் திறந்தாள். ஆறு உருண்டைகள் வைத்தபடியே இருந்தன. ஏழாவது நசுங்கித் தட்டையாகிவிட்டது.

அதற்குக் கீழே ஒரு ரப்பர் குழாய், முழங்கை மாதிரி வளைகிற இடம். மேலே பார்த்தால் புதிது போல இருந்தது. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியை அடியில் நீட்டிப் பார்த்தாள். வளைவின் அடிப்பக்கம் ஒரு வெடிப்பு. எஞ்சினை ஓடவிட்டு, பானட் திறந்திருக்கும்போதே, கட்டை விரலால் அந்த வளைவை அழுத்தினாள். முள் துள்ளியது. விரலை எடுத்தாள், அடங்கியது. அழுத்தினாள், துள்ளியது. நர்ஸம்மா கைதட்டியேவிட்டார்.

“மேல அழுத்துனா கீழ வெடிப்பு திறக்குது. கணக்குல வராத காத்து உள்ள போகுது. எஞ்சின் ஏறுது, வண்டியோட கம்ப்யூட்டர் இறக்குது, இறக்குனது அதிகமாயி மறுபடி ஏத்துது. பாவம், ரெண்டும் சண்ட போட்டுட்டு இருந்திருக்கு” என்று அவருக்குச் சொன்னாள்.

முதலாளி வெளியே வந்திருந்தார். “சரிம்மா, பானட் ஏன் அதை அழுத்துது?”

அவள் காரின் முன் விளிம்பைத் தடவினாள். பானட் எவ்வளவு இறங்கி உட்கார வேண்டும் என்று தாங்கிப்பிடிக்க இரண்டு பக்கமும் இரண்டு ரப்பர் கட்டைகள் உண்டு. திருகினால் ஏறும், இறங்கும்.

“அண்ணா, இந்த ரெண்டையும் அடியோட இறக்குனது நீதான?”

நான்தான். மூன்று மாதம் முன்னால் அந்த பானட்டின் நெளிவை எடுத்துப் பெயின்ட் அடித்தேன். மூடிப் பார்த்தபோது பக்கத்துத் தகட்டைவிட ஒரு நூல் உயரமாகத் தெரிந்தது. எனக்கு அது பிடிக்காது. கட்டைகளை இறக்கி இறக்கி, விரல் வைத்தால் இரண்டு தகடும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி உட்கார வைத்தேன். போகிற வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னேன் வேறு.

“பாக்க நல்லா இருந்துச்சு” என்றேன்.

வெல்டர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

முதலாளி அவளை ஓரமாக அழைத்து, “பழைய ரப்பர், தானா வெடிச்சிடுச்சுன்னு சொல்லிடு. நம்ம பேரு எதுக்கு?” என்றார். திங்கட்கிழமை அவர் கையில்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

“வெடிச்சது வயசுனால சார். அழுத்துனது நாம” என்று அவரிடம் சொல்லிவிட்டு, நேராக நர்ஸம்மாவிடம் போனாள். “இது எங்க தப்புங்க. பானட்டைச் சரியா உக்கார வைக்கல. எங்க அண்ணன் பண்ண வேலை. மூணு தடவை உங்கள அலைய விட்டதுக்கு மன்னிச்சிடுங்க.”

எங்க அண்ணன் பண்ண வேலை! சபை நடுவில்! மத்தியானம் வரைக்கும் நான் அவளோடு பேசவில்லை. டப்பாவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிடக் கோபம் எங்கேயோ போய்விட்டது. கூடப்பிறந்தவன் என்று எனக்காக ஒரு வார்த்தையை விழுங்கியிருந்தால் எனக்கு அப்போது சுகமாக இருந்திருக்கும். பிறகு அவள் சொல்கிற எதையும் நான் முழுசாக நம்பியிருக்க மாட்டேன். அவளை நினைத்து மார்பு விம்மியது. அதை அவளிடம் சொல்லவில்லை, என் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து அவள் டப்பாவில் வைத்தேன். எடுத்துச் சாப்பிட்டாள்.

புதுக் குழாய் போட்டு, கட்டைகளை ஏற்றி, வண்டியை அனுப்பினாள். சனிக்கிழமை நர்ஸம்மா போன் செய்தார். இரண்டு நாளில் பதினான்கு வீடு, அத்தனை சிக்னலிலும் எஞ்சின் தூங்குகிற குழந்தை மாதிரி இருந்ததாம். “அந்தப் பொண்ணு இருக்கிற வரைக்கும் நான் வேற எங்கயும் போக மாட்டேன்” என்றாராம். முதலாளி பத்துப் பேரிடம் கேட்பதற்கு முன்னாலேயே ஒருத்தர் தானாகவே சொல்லிவிட்டார். கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து, எல்லோர் முன்னாலும், “எஞ்சின் பக்கம் இனிமே தங்கச்சிதான் ஹெட்” என்றார்.

திங்கட்கிழமை காலையில் அந்த வெளியாளும் வந்தார். ஒரு ஆள் குறைவதால், ஹெட்டாக இல்லாமல் மெக்கானிக்காகச் சேர முதலாளி வரச் சொல்லியிருந்தார். வெளுத்த சட்டை, கையில் தன் சொந்த ஸ்பானர் பெட்டி. உள்ளே நுழைந்ததும் என் நரைத்த தலையைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

“வணக்கம் சார். நீங்கதான ஹெட்? உங்ககிட்ட ரிப்போர்ட் பண்ணச் சொன்னாங்க.”

“நான் டிங்கர் சார். வாங்க” என்று அழைத்துப்போனேன். அவள் ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்தாள், ஷூ மட்டும் வெளியே தெரிந்தது. வேனின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

“மேடம், உங்களைப் பாக்க ஆள் வந்திருக்கார்.”

“யாரு மேடம்? காலங்காத்தால கிண்டலா, அண்ணா?” என்றது உள்ளேயிருந்து குரல்.

“கிண்டல் இல்ல” என்றேன்.