படையலில் வைத்த துப்பாக்கி

லைசென்ஸ்காரர் செத்துப்போனால் துப்பாக்கியைக் கையோடு போலீசில் ஒப்படைக்கணும். எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் அப்பா செத்த அன்னைக்கே சித்தப்பா, "பதினாறாம் நாள் படையல்ல வைக்கணும்லா. அண்ணனுக்கு உசுரு அது"ன்னார். நானும் மண்டையை ஆட்டினேன்.

எங்க ஊர் அசாம் ஜாவாவில் அப்பாவுக்கு அஞ்சு ஏக்கர் செம்பனை, எண்ணெய்க்குப் பழம் வெட்டுற தோட்டம். காட்டுப்பன்னி இளங்கன்றுகளை நாசம் பண்ணும்; அதுக்குத்தான் துப்பாக்கி. நானும் என் பதினாலு வயசு மகளும் அவர்கூடத்தான் இருந்தோம். தாத்தா தோட்டா போடுறதையும் குறிபார்க்கிறதையும் பக்கத்திலேயே நின்று பார்த்து வளர்ந்தவள் அவள். "பொட்டப்பிள்ளைக்குப் பயமே இல்ல பாரு"ன்னு பெருமை வேறு அடிச்சுக்கிட்டோம். வெட்கக்கேடு.

துக்க வீட்டுக்காரி பதினாறு நாள் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது. என்னால முடியலை. கண்ணை மூடினால் அப்பா முகம்தான். விடியறதுக்கு முன்னாடி அவர் பூட்ஸை மாட்டிக்கிட்டு, யாருக்கும் தெரியாமல் கொல்லைப்பக்கம் இறங்கி, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் போட்டுட்டு வந்துடுவேன்.

காரியம் முடியும்வரை எங்களோடு தங்கியிருந்த அத்தை ஒருநாள் காலையில் ஓன்னு அழுதாங்க. "அண்ணன் நடக்குறாரு! அந்த பூட்ஸ் சத்தம் எனக்குத் தெரியாதா?"

திட்டு விழுமேன்னு வாயை மூடிக்கிட்டேன். அப்புறம் ஆளாளுக்கு அந்தச் சத்தம் கேட்க ஆரம்பிச்சது. நான் காய்ச்சலில் எழுந்திருக்காமல் கிடந்த ஒரு விடியலிலும் கேட்டதுன்னாங்க. எனக்கே உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு.

பதினாறாம் நாள். அப்பா அறையில் அவர் படத்துக்கு முன்னால் இலை போட்டு, கோழிக்கறி, கருப்பு பீர் போத்தல், துப்பாக்கி, மிச்சமிருந்த மூணு தோட்டா எல்லாம் வைச்சோம். மகள் விளக்குத் திரியைத் தூண்டிட்டுக் கடைசியாக வெளியே வந்தாள். அவர் தனியாக வந்து சாப்பிடட்டும்னு கதவைச் சாத்தினோம். திறந்தால், ரெண்டு தோட்டாதான் இருந்தது.

"ஐயோ, அண்ணன் வந்துட்டாரு!" அத்தை அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாங்க. நானும் வாய்விட்டு அழுதேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்னைக்குச் சொந்தக்காரங்க ஹாலிலும் அடுப்படியிலும் படுத்துட்டாங்க. அவங்களைத் தாண்டிப் போக முடியாமல் மறுநாள் விடியலில் நான் தோட்டத்துக்கு இறங்கலை. துப்பாக்கி, மகள் படுத்திருந்த அப்பா அறையில், படத்தடியிலேயே சாய்ந்திருந்தது.

பத்து மணிக்கு நானும் சித்தப்பாவும் அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். மலாய்க்கார அதிகாரி துப்பாக்கியில் பொறிச்சிருந்த நம்பரை லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். எந்தக் கடையில் வாங்கினது, எத்தனை தோட்டா, எத்தனை சுட்டது, எல்லாம் அதில் இருந்தது. "ஒண்ணு குறையுதே, கக்?" என்று அக்கா முறை வைத்துக் கேட்டார்.

"அண்ணன் எடுத்துக்கிட்டாரு," என்றார் சித்தப்பா மலாயில், பயபக்தியாக.

அதிகாரி சிரிக்கலை. "வீட்டில் பிள்ளைகள் இருக்காங்களா?"

கடைசியாக வெளியே வந்தது என் மகள்தானே. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததே தெரியலை. மகளைத் தனியாக அறைக்குள் இழுத்துப்போய்க் கேட்டேன். அவள் பென்சில் பெட்டியைத் திறந்து தோட்டாவை எடுத்து என் கையில் வைத்தாள்.

"ஏன்டி? ஏன்டி எடுத்த?"

"வீட்டுக்குப் பின்னால யாரோ தாத்தா பூட்ஸைப் போட்டுக்கிட்டு நடக்குறாங்கம்மா. எல்லாரும் தாத்தாங்குறாங்க. செத்தவங்க எப்படிம்மா நடப்பாங்க? திருடன்லா அது. நாளைக்கு எல்லாரும் போயிடுவாங்க, நீயும் நானும்தானே இருக்கணும்?"

நான் கதவைத் தாழ் போட்டேன்.

"இன்னைக்கு விடியக்காலம் தோட்டாவைப் போட்டு, கொல்லைப்பக்க ஜன்னல்ல துப்பாக்கியை வச்சிக்கிட்டுக் காத்திருந்தேம்மா," என்றாள். "அந்த ஆளு வரலை."