லிஃப்ட் கதவில் ஒரு தாள்

மாலை நாலே காலுக்கு, ஜுரத்தில் படுத்திருந்த என் மகளுக்கு வலிப்பு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் இரும்புச் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். "கையில குடுங்க சார், நின்னுடும்!"

அப்போதுதான், வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று லிஃப்ட் கதவில் படித்த தாள் நினைவுக்கு வந்தது. எங்கள் அடையாறு குடியிருப்பின் மூன்றாம் மாடி அம்மா ஒட்டியது. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தெருவுக்குப் புதிதாக வந்த பிரவுசிங் சென்டரில் மருத்துவர்கள் எழுதுவதைத் தேடிப் படித்து, தமிழில் எழுதி ஒட்டுவார்.

"டாக்டர் இருக்கிறப்ப கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"அதுல எழுதுறதும் டாக்டருங்கதான் சார். எதையும் விக்காதவங்களா பார்த்து எடுக்கிறேன். கீழ டானிக் பேரு இருந்தா ஒட்ட மாட்டேன்."

சாவியை வாங்காமல் மகளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் எதையும் திணிக்கவில்லை. வலிப்பு தானாக நின்றது.

"சரியா செஞ்சிருக்கீங்க. யார் சொன்னாங்க?" என்றார் வந்து பார்த்த டாக்டர்.

"எங்க மூணாவது மாடி அம்மா." சொல்லும்போதே பெருமையாக இருந்தது.

கடைசியில் அந்த அம்மாவே மூச்சிரைக்க வந்தார். நடந்ததைக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"படிக்கிறீங்களா! தாளைப் பார்த்துட்டு, லிஃப்ட் ரிப்பேர்னு நினைச்சு எல்லாரும் படியேறிப் போறீங்கன்னுல்ல நினைச்சேன்!"