தார் ரோட்டில் கிடந்த கோடுகள்

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீக்கடை வைத்திருந்தார் அவர். ஒல்லியான உடம்பு, புருவமெல்லாம் அடுப்புச் சாம்பல். லாரி பிரேக் கிறீச்சிட்டால் போதும், ஆற்றிக்கொண்டிருக்கும் டீயைப் பாதியில் நிறுத்திவிடுவார். சத்தம் வளைவைத் தாண்டிய பிறகுதான் கை மறுபடி அசையும்.

எண்பதுகளில் நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய், வேற்றுக்கிரக உயிர்களைப் பற்றிப் படம் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் பஸ்ஸின் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட, அவர் கடையில் உட்கார்ந்தேன். என் கையிலிருந்த செவ்வாய்ப் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இதென்னங்க சார், கோடு கோடா?"

"நிலாவுல ஆளுங்க இருக்காங்கன்னு ஒரு காலத்துல நம்புனாங்க. அப்புறம் தொலைநோக்கியில செவ்வாயப் பாத்தவங்க, இந்தக் கோடெல்லாம் வாய்க்கால்னு நெனச்சாங்க. வாய்க்கால் இருந்தா வெட்டுனவன் இருக்கணுமில்ல? கடைசியில மிஷின் எறங்கிப் பாத்தா, வெறுங் கல்லும் மண்ணுந்தான்."

அவர் சிரிக்கவில்லை. ரோட்டைக் காட்டினார். வளைவில் இரண்டு டயர் தடங்கள் கறுப்பாக நீண்டு, பள்ளத்தின் விளிம்பில் முடிந்திருந்தன.

"இதுவுங் கோடுதானுங்க. நேத்து காலையில இங்க டீ குடிச்சிட்டுப் போனவன் போட்டது. லாரியையும் அவனையும் ராத்திரியே தூக்கிட்டுப் போயிட்டாங்க. இப்ப எறங்கிப் பாக்கறவனுக்கு, இங்கயும் வெறுங் கல்லும் மண்ணுந்தானுங்க."

மேலே ஒரு லாரி பிரேக் போட்டது. அவர் கை நின்றது. டம்ளரை வாயருகே கொண்டுபோன நானும் அப்படியே இருந்தேன்.

செவ்வாயில் யாரும் இல்லை என்று பிறகும் பல ஊர்களில் சொன்னேன். யாரும் இருந்ததே இல்லை என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.