தாய்மாமன் பேரும் பேனரும்

முருகேஷுக்கு வயது முப்பத்தொன்று. தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பிளக்ஸ் கடையில் இதுவரை ஏறத்தாழ நாலாயிரம் பேனர்களை வடிவமைத்திருக்கிறார். ஒரு வயதுக் குழந்தையைச் சிங்கத்தின் மேல் உட்காரவைத்திருக்கிறார். வார்டு தேர்தலில் டெபாசிட் போனவருக்குப் பின்னால் நாடாளுமன்றத்தை நிறுத்தியிருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காது. வாடிக்கையாளர் எவ்வளவு கத்தினாலும் பதறாத ஒரே ஊழியர் என்று முதலாளிக்குப் பெருமை.

இந்தச் செவ்வாய்க்கிழமை, அக்கா பூவிழியின் மகளுடைய காதணி விழாவுக்குப் பேனர் ஆர்டர் வந்தது. அக்கா கணவர் சந்திரமோகன் நல்லம்பள்ளியிலிருந்து பெயர்ப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எல்லாருக்கும் 'திரு'. முதல் வரியில் மட்டும் 'தாய்மாமன் செவிட்டு முருகேஷ்'.

முருகேஷ் அந்த வரியில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. அதே மரியாதையை மற்றவர்களுக்கும் செய்தார். சைகை மொழியில் ஆளுக்கொரு அடையாளம் உண்டு; பெரும்பாலும் பார்த்ததும் கண்ணில் படுவதுதான். பத்து வருடமாகத் தன் கை சொல்லிவந்ததைத் தட்டச்சு செய்து, மாதிரியைக் குடும்பக் குழுவில் போட்டார்: 'சொட்டை சந்திரமோகன். தொப்பை வெங்கடாசலம். தூங்குமூஞ்சி மாயவன், முன்னாள் வார்டு உறுப்பினர்.' கீழே ஒரு வரி: 'என் பேர் இப்படித்தான்னா மடி கிடையாது.'

தாய்மாமன் மடியில் உட்காராமல் அந்த வீட்டில் யாருக்கும் காது குத்தியதில்லை.

அரை மணி நேரத்தில் கடை வாசலில் சந்திரமோகனின் பைக் நின்றது. பின்னால் பூவிழி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"யோவ் மாப்ள, என்னய்யா இது! எங்கப்பாரு தொப்பையா?"

பூவிழி அதைச் சைகையில் சொல்ல, முருகேஷின் கைகள் பதிலுக்கு அசைந்தன. பூவிழி குரல் கொடுத்தார்: "'அளந்து பாக்க டேப்பு எடுத்துட்டு வரட்டுமா மாமா'ங்கறான்."

"ஊர்ல ரெண்டு முருகேஷு இருக்காங்க, அடையாளத்துக்குப் போட்டேன். சரி, மரியாதையாவே போட்டுக்கலாம். செவித்திறன் குறையுடைய முருகேஷ். போதுமா?"

"'கொறை உங்க மண்டையிலதான் இருக்குது, முடி கொறை'ங்கறான்."

"அவன் சொல்றானா, நீயா சேத்துக்கறியா?"

"அவன்தாங்க." பூவிழி தம்பியின் கைகளையே பார்த்தபடி தொடர்ந்தார்: "'காது கேக்காதவன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமில்ல. எங்காளுங்க மீட்டிங்ல மொத ஆளா நானே சொல்லுவேன். எம்மருமவ பேனர்ல எல்லாருக்கும் பேரு, எனக்கு மட்டும் காதா? அந்த இன்னொரு முருகேஷ எப்பிடிக் கூப்புடறீங்க?'"

"பால்கார முருகேஷ்."

"'அவரு பாலு ஊத்தறாரு. நான் என்ன பண்றேன்?'"

சந்திரமோகன் சுற்றிலும் பார்த்தார். சுவர் முழுக்க மைத்துனர் செய்த சிங்கங்கள்.

"பிளக்ஸ் முருகேஷ்னு போட்டுக்கய்யா. எம்படத்துல முடிய மட்டும் கொஞ்சம் பாத்து செய்யி."

பேனர் நாளை அச்சுக்குப் போகிறது. ஞாயிறு காலை பத்தரை மணிக்கு நல்லம்பள்ளியில் காதணி விழா. குழந்தை முருகேஷின் மடியில் உட்காருவாள்.